கருத்தடை மருந்தின் பக்கவிளைவுக்கு இழப்பீடு கேட்க முடியுமா?

"மாத்திரை சாப்பிட்டேன். காலில் ரத்தக்கட்டி வந்தது. மருந்து நிறுவனம் நஷ்ட ஈடு தர வேண்டும்." சொல்லும்போது மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன. நீதிமன்றத்தில் அப்படி வராது. முதல் வாக்கியத்திலிருந்து இரண்டாவதுக்குப் போக ஒரு நிரூபணம் வேண்டும், இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போக வேறொரு நிரூபணம் வேண்டும். இந்த இரண்டும் என்னவென்று புரிந்துவிட்டால் கருத்தடை மருந்து வழக்குகளில் முக்கால்வாசி புரிந்த மாதிரிதான்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை ஓரமாக வைத்துவிடுவோம். பக்கவிளைவு இருக்கிறது என்பதற்காகவே ஒரு மருந்து சட்டத்தின் கண்ணில் குறைபாடுள்ள பொருள் ஆகிவிடாது. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகள் ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டும் என்பது 1960களிலிருந்தே தெரிந்த சங்கதி. ஐரோப்பிய மருந்து முகமை 2013-ல் வெளியிட்ட கணக்கு இது: மாத்திரை எடுக்காத, கர்ப்பமாகவும் இல்லாத 10,000 பெண்களில் ஓராண்டில் சுமார் 2 பேருக்கு நாளங்களில் ரத்தக்கட்டி வருகிறது. லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்ற ஹார்மோன் கலந்த பழைய வகை மாத்திரை எடுப்பவர்களில் 5 முதல் 7 பேர். டிராஸ்பைரினோன், டெசோஜெஸ்ட்ரெல், ஜெஸ்டோடீன் கலந்த புதிய வகைகளில் 9 முதல் 12 பேர். கர்ப்பகாலத்திலும் பிரசவத்தை ஒட்டிய வாரங்களிலும் ஆபத்து இதைவிடவும் அதிகம். இப்படி ஆபத்து தெரிந்தே, பலன் அதைவிடப் பெரிது என்று முடிவுசெய்துதான் மருந்தை அனுமதிக்கிறார்கள். ஆகவே "ஆபத்து இருந்ததா?" என்று நீதிமன்றம் கேட்பதில்லை. "அந்த ஆபத்து நிறுவனத்துக்கு எப்போது தெரியும், யாரிடம், எவ்வளவு தெளிவாகச் சொன்னது?" என்றுதான் கேட்கும்.

குறைபாடு என்றால் என்ன?

விற்ற பொருளால் வரும் பாதிப்புக்கு யார் பொறுப்பு என்று சொல்லும் பொருள் பொறுப்புச் சட்டத்தில் மூன்று வகைக் குறைபாடுகள் உண்டு. தயாரிப்பில் பிழை, வடிவமைப்பில் பிழை, எச்சரிக்கையில் பிழை.

தயாரிப்புப் பிழை அபூர்வம், ஆனால் நிரூபிக்க எளிது. 2012 தொடக்கத்தில் ஃபைசர் நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 10 லட்சம் கருத்தடை மாத்திரை அட்டைகளைத் திரும்பப் பெற்றது. சில அட்டைகளில் மருந்துள்ள மாத்திரையும் மருந்தில்லாத மாத்திரையும் வரிசை மாறியோ எண்ணிக்கை தவறியோ இருந்தன. அங்கே பிரச்சினை பக்கவிளைவு அல்ல, எதிர்பாராத கர்ப்பம்.

வடிவமைப்புப் பிழைக்குப் பெயர்போன உதாரணம் மருந்து அல்ல, டால்கன் ஷீல்ட் என்ற கருப்பைச் சாதனம். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்றார்கள். அதன் நூல் ஒற்றை இழையாக இல்லாமல், ஓர் உறைக்குள் நூற்றுக்கணக்கான மெல்லிய இழைகளாக இருந்தது. அந்த இழைகளின் வழியே கிருமிகள் மேலேறிக் கருப்பைக்குள் போயின. தொற்று, மலட்டுத்தன்மை, மரணங்கள். 1974-ல் விற்பனை நின்றது. வழக்குகள் குவிந்ததில் 1985-ல் அதைத் தயாரித்த ஏ.ஹெச். ராபின்ஸ் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்காக 200 கோடி டாலருக்கும் மேற்பட்ட அறக்கட்டளை நிதியை ஒதுக்க வேண்டியதாயிற்று.

மாத்திரை, ஊசி வழக்குகளில் பெரும்பாலானவை மூன்றாவது வகையில்தான் நிற்கும். எச்சரிக்கை போதாது என்பது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

யாரிடம் சொல்ல வேண்டும்?

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் அந்தப் பொடி எழுத்துத் தாளை நாம் பெரும்பாலும் பிரித்தே பார்ப்பதில்லை. வழக்கு என்று வந்துவிட்டால் அதைவிட முக்கியமான தாள் வேறில்லை. அந்தத் தாள் பெண்களின் கைக்குச் சும்மா வந்துவிடவில்லை. 1970-ல் அமெரிக்க செனட்டர் கேலார்ட் நெல்சன் மாத்திரையின் பாதுகாப்பு குறித்து விசாரணை நடத்தினார். மாத்திரை எடுத்த பெண்களில் ஒருவரையும் சாட்சி சொல்ல அழைக்கவில்லை. பார்வையாளர் வரிசையில் இருந்த இளம்பெண்கள் எழுந்து நின்று, "எங்களிடம் ஏன் யாரும் கேட்கவில்லை?" என்று குரல் கொடுத்தார்கள். அந்தச் சலசலப்புக்குப் பிறகுதான், மாத்திரையோடு நோயாளிக்கான விளக்கத்தாளும் தர வேண்டும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் (எஃப்.டி.ஏ.) உத்தரவிட்டது.

அமெரிக்கச் சட்டத்தில் நெடுங்காலமாக ஒரு கோட்பாடு இருக்கிறது. மருத்துவர் எழுதிக் கொடுத்துதான் வாங்க முடியும் என்கிற மருந்துகளில், நிறுவனம் மருத்துவரிடம் ஒழுங்காக எச்சரித்துவிட்டால் அதன் கடமை முடிந்தது, நோயாளியிடம் சொல்வது மருத்துவரின் வேலை. விவரமறிந்த இடையாளர் கோட்பாடு என்பார்கள். இது நிறுவனங்களுக்கு நல்ல கேடயம். உங்கள் மருத்துவருக்கு அந்த ஆபத்து ஏற்கெனவே தெரியும், தெரிந்தும் எழுதிக் கொடுத்தார் என்று அவர்கள் காட்டிவிட்டால், எச்சரிக்கை சரியில்லை என்ற உங்கள் வாதம் அங்கேயே படுத்துவிடும்.

கருத்தடை மாத்திரை விஷயத்தில் இந்தக் கேடயத்தில் ஓர் ஓட்டை விழுந்தது. 1985-ல் மாசச்சூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றம் ஆர்த்தோ என்ற மருந்து நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் சொன்ன காரணம் எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது. காய்ச்சலுக்கு மருந்து எழுதுவது போன்றதல்ல இது. மாத்திரை எடுப்பவர் ஆரோக்கியமான பெண். மாத்திரை வேண்டும் என்று முடிவெடுப்பவரும் பெரும்பாலும் அவரே. மருத்துவரை ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் அதிகம். ஆகவே நிறுவனம் அவரிடம் நேரடியாகவே எச்சரிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். அந்தப் பெண்ணுக்குப் பக்கவாதம் வந்திருந்தது. கொடுத்திருந்த தாளில் ரத்தம் அசாதாரணமாக உறையலாம் என்று எழுதியிருந்தார்கள், பக்கவாதம் என்று எழுதவில்லை. பக்கவாதம் என்று வெளிப்படையாக எழுதியிருந்தால் மாத்திரையே எடுத்திருக்க மாட்டேன் என்றார் அவர். ஜூரி ஏற்றுக்கொண்டது.

1999-ல், கையின் தோலுக்கடியில் வைக்கும் நார்பிளாண்ட் என்ற கருத்தடைச் சாதனம் குறித்த வழக்கில் நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் வேறொரு வழியில் இதே இடத்துக்கு வந்தது. பெண்களைப் பார்த்து நேரடியாக விளம்பரம் செய்துவிட்டு, எச்சரிக்கை மட்டும் மருத்துவர் வழியாகத்தான் வரும் என்று சொல்ல முடியாது என்றது. நியாயம்தானே? ஆனாலும் இவை விதிவிலக்குகள். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் பழைய கோட்பாடுதான் இன்னும் கோலோச்சுகிறது.

விளம்பரம் என்றதும் யாஸ் மாத்திரை ஞாபகத்துக்கு வருகிறது. மாதவிடாய்க்கு முன்வரும் மனச்சோர்வு, முகப்பரு என்று அனுமதித்த அளவைத் தாண்டி விளம்பரப்படுத்தியதாக எஃப்.டி.ஏ.வும் பல மாநில அரசுகளும் பேயர் நிறுவனத்தைப் பிடித்தன. 2009-ல் அந்நிறுவனம் 2 கோடி டாலர் செலவில் திருத்த விளம்பரங்களை ஒளிபரப்ப ஒப்புக்கொண்டது. இப்படிப்பட்ட அரசு நடவடிக்கைகள் தனிநபர் வழக்கில் பெரிய துணை. நிறுவனம் ஆபத்தைச் சிறிதாகவும் பலனைப் பெரிதாகவும் காட்டியது என்று சொல்ல, யாரோ ஏற்கெனவே பாதி வேலையைச் செய்து வைத்திருக்கிறார்கள்.

மருந்துதான் காரணம் என்று எப்படிக் காட்டுவது?

வழக்குகள் அதிகம் தோற்பது இங்கேதான். இதிலும் இரண்டு கேள்விகள். இந்த மருந்தால் இப்படி ஒரு நோய் வர முடியுமா என்பது பொதுவான கேள்வி. சரி, வரும் என்றே வைத்துக்கொள்வோம், இந்தப் பெண்ணுக்கு வந்தது இந்த மருந்தால்தானா என்பது தனிப்பட்ட கேள்வி.

உரிமையியல் வழக்கில் "சந்தேகத்துக்கு இடமில்லாமல்" நிரூபிக்கத் தேவையில்லை. "இல்லை என்பதைவிட ஆம் என்பதற்கே வாய்ப்பு கூடுதல்" என்று காட்டினால் போதும். அதாவது 50 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்ட வேண்டும். இதை எண்ணில் சொன்னால் ஒரு விசித்திரமான விளைவு வருகிறது. ஒரு மருந்து ஆபத்தை இரண்டு மடங்காக்குகிறது என்றால், மருந்து எடுத்து நோய் வந்த 100 பேரில் 50 பேருக்கு எப்படியும் வந்திருக்கும், 50 பேருக்கு மருந்தால் வந்தது. இரண்டு மடங்கைத் தாண்டினால்தான் "மருந்தால் வந்திருக்கவே வாய்ப்பு கூடுதல்" என்று ஒரு தனிப்பெண்ணைப் பற்றிச் சொல்ல முடிகிறது.

2002-ல் இங்கிலாந்தின் உயர் நீதிமன்றத்தில் இதுதான் நடந்தது. மூன்றாம் தலைமுறை மாத்திரைகள் (மேலே சொன்னவற்றில் டெசோஜெஸ்ட்ரெல், ஜெஸ்டோடீன் கலந்தவை) எடுத்து ரத்தக்கட்டி வந்த பெண்கள் ஷெரிங் உள்ளிட்ட நிறுவனங்கள்மீது வழக்குப் போட்டார்கள். இரண்டாம் தலைமுறை மாத்திரையோடு (லெவோநார்ஜெஸ்ட்ரெல் கலந்த பழைய வகை) ஒப்பிட்டால் ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல் என்று காட்டினால்தான் வழக்கு நிற்கும் என்பதை இரு தரப்பும் ஏற்றுக்கொண்டிருந்தன. புள்ளியியல் நிபுணர்கள் வரிசையாக வந்து சாட்சி சொன்னார்கள். ஆபத்து கூடுதல்தான், ஆனால் இரண்டு மடங்கைத் தாண்டியதாக நிரூபிக்கவில்லை என்று நீதிபதி தீர்ப்பெழுதினார். எச்சரிக்கை போதுமானதா என்ற கேள்விக்கே போகாமல் வழக்கு முடிந்துபோனது. மேலே சொன்ன ஐரோப்பிய எண்களை மறுபடி ஒருமுறை பாருங்கள்: 9 முதல் 12, எதிரே 5 முதல் 7. மாத்திரையே எடுக்காதவர்களோடு ஒப்பிடாமல் இன்னொரு மாத்திரை எடுப்பவர்களோடு ஒப்பிட்டால் இடைவெளி எவ்வளவு சுருங்கிவிடுகிறது! எதனோடு ஒப்பிடுவது என்று முடிவாகும்போதே வழக்கில் பாதி முடிவாகிவிடுகிறது.

இப்போது பேசப்படும் டெப்போ-ப்ரொவேரா ஊசி வழக்குகள் இதற்கு நேர் எதிர்ப்பக்கம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் மெட்ராக்ஸிப்ரொஜெஸ்டிரோன் ஊசி அது. 2024 மார்ச்சில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு பிரெஞ்சு ஆய்வு வந்தது. மெனிஞ்சியோமா என்ற மூளையுறைக் கட்டிக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்ட 18,061 பெண்களை, கட்டி இல்லாத பெண்களோடு ஒப்பிட்டார்கள். ஓராண்டுக்கு மேல் இந்த ஊசி போட்டவர்களுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும் கட்டி வரும் வாய்ப்பு சுமார் ஐந்தரை மடங்கு கூடுதல் என்று முடிவு வந்தது. இரண்டு மடங்கு வாசலை இது சுலபமாகத் தாண்டுகிறது. அமெரிக்காவில் வழக்குகள் குவிந்து, 2025 பிப்ரவரியில் அவற்றையெல்லாம் ஃபுளோரிடாவின் பென்சகோலாவில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒன்றுசேர்த்தார்கள். ஆனால் அதே ஆய்வுக்குள் இன்னோர் எண்ணும் இருக்கிறது. அந்த 18,061 பெண்களில் இந்த ஊசி போட்டிருந்தவர்கள் 9 பேர்தான், ஏனென்றால் பிரான்ஸில் அதை அதிகம் பயன்படுத்துவதில்லை. வழக்குப் போட்டவர் "ஐந்தரை மடங்கு" என்பார், நிறுவனத்தின் வக்கீல் "ஒன்பது பேர்" என்பார். இரண்டுமே உண்மை. மெனிஞ்சியோமா பொதுவாகவே அபூர்வமான கட்டி என்பதால், ஐந்தரை மடங்கானாலும் ஒரு தனிப்பெண்ணுக்கு வரும் வாய்ப்பு குறைவுதான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அறிவியல் நிபுணர் இல்லாவிட்டால் வழக்கே இல்லை. மிரேனா என்ற ஹார்மோன் கருப்பைச் சாதனம் மூளைக்குள் அழுத்தத்தைக் கூட்டுகிறது என்று அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான பெண்கள் தொடுத்த வழக்கில், அவர்கள் தரப்பு நிபுணர்களின் முறை நம்பகமானதல்ல என்று 2018-ல் நியூயார்க் கூட்டாட்சி நீதிபதி சாட்சியங்களை ஒதுக்கித்தள்ளினார். மறு ஆண்டே வழக்குகள் ஜூரியைப் பார்க்காமலே முடிந்தன.

தனிப்பட்ட கேள்விக்கு வந்தால், எதிர்த்தரப்பு உங்கள் வாழ்க்கையைத் துருவும். புகைபிடித்தீர்களா, எடை என்ன, குடும்பத்தில் யாருக்காவது ரத்தக்கட்டி உண்டா, அண்மையில் அறுவை சிகிச்சையா, நீண்ட விமானப் பயணமா, ரத்தத்தை எளிதில் உறையவைக்கும் மரபணுக் குறை இருக்கிறதா. ஒவ்வொன்றும் "மாத்திரை அல்ல, இதுதான் காரணம்" என்று சொல்வதற்கான இடம். சங்கடமாக இருக்கும், ஆனால் மறைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். மருத்துவப் பதிவேடுகள் எல்லாம் அவர்கள் கைக்கும் போகும்.

யார்மீது போடுவது?

எல்லாவற்றுக்கும் நிறுவனமே குற்றவாளி என்று ஆரம்பிக்க வேண்டாம். கண்ணில் பூச்சி பறப்பது போன்ற அறிகுறியோடு ஒற்றைத் தலைவலி வரும் பெண்ணுக்கும், ஏற்கெனவே ரத்தக்கட்டி வந்தவருக்கும், 35 வயதைத் தாண்டி நிறையப் புகைபிடிப்பவருக்கும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டியிலேயே இருக்கிறது. மருத்துவர் இதையெல்லாம் கேட்காமலே எழுதிக் கொடுத்திருந்தால், அது மருத்துவக் கவனக்குறைவு வழக்கு. எதிராளி வேறு, விதிகள் வேறு, பல இடங்களில் காலக்கெடுவும் வேறு.

அப்புறம் அமெரிக்காவுக்கே உரிய ஒரு கொடுமை. 2009-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், எஃப்.டி.ஏ. ஒப்புதல் இருந்தாலும் அசல் பிராண்டு நிறுவனத்தின்மீது எச்சரிக்கைக் குறைபாட்டு வழக்கு போடலாம் என்றது. 2011-ல் அதே நீதிமன்றம், ஜெனரிக் மருந்து (அசல் மருந்தையே வேறு நிறுவனம் மலிவாகச் செய்து விற்பது) நிறுவனத்தின்மீது அப்படிப் போட முடியாது என்றது. காரணம், ஜெனரிக் தயாரிப்பாளர் அசல் நிறுவனத்தின் எச்சரிக்கையை அப்படியே அச்சிட வேண்டும், தானாக மாற்ற அனுமதி இல்லை. விளைவு என்ன? ஒரே மருந்து, ஒரே பாதிப்பு, ஒரே தெருவில் இரண்டு பெண்கள். பிராண்டு வாங்கியவருக்கு வழக்கு உண்டு, விலை மலிவென்று ஜெனரிக் வாங்கியவருக்குப் பெரும்பாலும் இல்லை. சட்டப்படி தர்க்கம் இருக்கலாம், எனக்கு இதில் நியாயம் தெரியவில்லை. டெப்போ-ப்ரொவேரா வழக்கில் அதன் தயாரிப்பாளரான ஃபைசர் வைக்கும் வாதமும் இந்த வட்டாரத்தில்தான் வருகிறது: கட்டி பற்றிய எச்சரிக்கையைச் சேர்க்க நாங்கள் கேட்டோம், எஃப்.டி.ஏ. மறுத்துவிட்டது, பிறகு எங்களை எப்படிக் குற்றம் சொல்வீர்கள் என்கிறது அது.

காலம்

நல்ல வழக்குகள்கூட நாட்காட்டியால் செத்துப்போகின்றன. அமெரிக்க மாநிலங்களில் பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டுகள். இங்கிலாந்தில் மூன்று ஆண்டுகள். பல இடங்களில் இந்தக் கடிகாரம் பாதிப்பு வந்த நாளில் ஓடத் தொடங்காது. பாதிப்புக்கு மருந்து காரணமாக இருக்கலாம் என்று தெரிந்த, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளில்தான் தொடங்கும். அந்த நாள் எது என்பதற்கே பெரிய சண்டை நடக்கும். மருத்துவர் ஒருமுறை பேச்சுவாக்கில் சொன்னது கோப்பில் பதிவாகியிருந்தால், அதுவே தொடக்க நாளாகிவிடலாம்.

அதோடு, எப்போது தெரிந்தாலும் தாண்டக்கூடாத கடைசி எல்லையும் சில நாடுகளில் உண்டு. ஐரோப்பாவின் பழைய விதிப்படி, பொருள் சந்தைக்கு வந்து 10 ஆண்டுகள். மெதுவாக வளரும் கட்டிகளுக்கு இது போதவே போதாது. 2024-ல் இயற்றிய புதிய ஐரோப்பிய நெறிமுறை, தாமதமாக வெளிப்படும் உடல் பாதிப்புகளுக்கு இதை 25 ஆண்டுகளாக்குகிறது. அறிவியல் சிக்கலால் நிரூபிப்பது மிகக் கடினம் என்றால் நீதிமன்றம் பாதிக்கப்பட்டவர் பக்கம் அனுமானிக்கவும் வழி தருகிறது. ஆனால் 2026 டிசம்பர் 9-க்குப் பிறகு சந்தைக்கு வரும் பொருள்களுக்குத்தான் அது பொருந்தும்.

எதையெல்லாம் எடுத்து வைப்பது?

மாத்திரை அட்டையும் பெட்டியும் இருந்தால் தூக்கி எறியாதீர்கள். நிறுவனத்தின் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி எல்லாம் அதில்தான். உள்ளே இருந்த விளக்கத்தாள் இன்னும் முக்கியம். ஏனென்றால் எச்சரிக்கை வாசகங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். நீங்கள் எடுத்த காலத்தில் அதில் என்ன இருந்தது என்பதே கேள்வி, இன்று இணையத்தில் என்ன இருக்கிறது என்பதல்ல. மருந்துச் சீட்டு, கடை ரசீது, ஸ்கேன் அறிக்கைகள், மருத்துவமனையிலிருந்து வெளியே வரும்போது தரும் சுருக்க அறிக்கை, வேலைக்குப் போகாத நாட்களின் சம்பள விவரம் ஆகியவற்றின் நகல்களையும் வாங்கி வையுங்கள். ஊசி போட்டவர்களுக்கு வீட்டில் ஒரு தடயமும் இருக்காது, ஆகவே மருத்துவமனைப் பதிவேட்டின் நகலைச் சீக்கிரம் கேட்டு வாங்குவது நல்லது. பழைய பதிவேடுகளைச் சில ஆண்டுகளில் அழித்துவிடுவார்கள்.

உங்கள் நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்குப் பக்கவிளைவு அறிக்கை அனுப்ப நிரூபணம் எதுவும் தேவையில்லை. வழக்கு போடாவிட்டாலும் அதைச் செய்யலாம்.

ஒன்றை இடையில் சொல்லியாக வேண்டும். வழக்குச் செய்தியையோ வக்கீல் விளம்பரத்தையோ பார்த்துவிட்டு மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் பேசுங்கள். 1995 அக்டோபரில் பிரிட்டனில் மூன்றாம் தலைமுறை மாத்திரை பற்றி அவசர எச்சரிக்கை வெளியானதும் ஏராளமான பெண்கள் பாதியிலேயே நிறுத்தினார்கள். அடுத்த மாதங்களில் எதிர்பாராத கர்ப்பங்களும் கருக்கலைப்புகளும் கூடின.

பணம் எப்படி வருகிறது?

பெரும்பாலும் தீர்ப்பால் வருவதில்லை, சமரசத்தால் வருகிறது. ஒரே மருந்துக்கு எதிராக ஆயிரக்கணக்கான வழக்குகள் இருந்தால் அமெரிக்காவில் அவற்றை ஒரு நீதிபதியிடம் சேர்ப்பார்கள். ஆவணங்களைத் தோண்டுவதும் நிபுணர்களை விசாரிப்பதும் எல்லோருக்கும் பொதுவாக நடக்கும், ஆனால் ஒவ்வொரு பெண்ணின் வழக்கும் தனி. மாதிரிக்குச் சில வழக்குகளை முதலில் விசாரித்துப் பார்த்து, ஜூரி எப்படி நினைக்கிறது என்று இரு தரப்பும் மோப்பம் பிடித்த பிறகு பேரம் தொடங்கும்.

யாஸ், யாஸ்மின் மாத்திரை வழக்குகளில் பேயர் ரத்தக்கட்டி வந்தவர்களுக்கு மொத்தம் 200 கோடி டாலருக்கும் மேல் கொடுத்தது, தவறை ஒப்புக்கொள்ளாமலே. சராசரியாக ஆளுக்குச் சுமார் 2 லட்சம் டாலர். அதே மாத்திரையால் பித்தப்பை பாதித்ததாகச் சொன்னவர்களுக்கு 2013-ல் பேசி முடித்த தொகை ஆளுக்கு 2,000 டாலர், பித்தப்பையை எடுத்திருந்தால் 3,000. நார்பிளாண்ட் வழக்கில் 1999-ல் பல்லாயிரம் பெண்களுக்கு ஆளுக்கு 1,500 டாலர் என்று முன்வைத்தார்கள். ஒரே மருந்தானாலும் எந்தப் பாதிப்பு, அதற்கு எவ்வளவு வலுவான ஆதாரம் என்பதைப் பொறுத்துத் தொகை இப்படி நூறு மடங்கு மாறும்.

கைக்கு வருவதும் முழுத்தொகை அல்ல. வென்றால் மட்டும் கட்டணம் என்ற முறையில் அமெரிக்க வக்கீல்கள் பொதுவாக 33 முதல் 40 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள், நிபுணர் செலவு தனி. சிகிச்சைக்குப் பணம் கட்டிய காப்பீட்டு நிறுவனமும் தன் பங்கைக் கேட்டு வரும். இங்கிலாந்து போன்ற இடங்களில் தோற்றால் எதிர்த்தரப்பின் செலவையும் சுமக்க நேரலாம் என்பதால், அதற்கான காப்பீடு இருக்கிறதா என்று முதல் சந்திப்பிலேயே வக்கீலிடம் கேளுங்கள்.

சமரசப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்முன் ஒரு பத்தியை மட்டும் நிறுத்திப் படியுங்கள். இந்த மருந்து தொடர்பாக இனி எந்தக் கோரிக்கையும் எழுப்ப மாட்டேன் என்று அதில் இருக்கும். ரத்தக்கட்டியால் பாதித்த நுரையீரல் மூன்று வருடம் கழித்து மோசமானாலும், கட்டி மறுபடி வளர்ந்தாலும் அந்தப் பத்தி பொருந்தும். எனவே எதிர்காலச் சிகிச்சைக்கு என்ன செலவாகும் என்று உங்களுக்குச் சிகிச்சை தரும் மருத்துவரிடம் எழுத்தில் வாங்கி, அதை அந்தத் தொகைக்குள் சேர்த்துக் கேட்க வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முன்புதான்.